யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனருக்கு காபரேட்டர் சாமான் தேடின கதை

அப்பாவின் மொறிஸ் மைனர் 1098 சிசி. எஞ்சினை இறக்கி முழுதாகத் திருத்துவிப்பது என்று முடிவெடுத்துத்தான் இந்த முறை லண்டனிலிருந்து ஊருக்குப் போனேன். இலங்கையில் வாகன இறக்குமதி 2020இலிருந்து 2025 தொடக்கம்வரை நின்றிருந்த காலத்தில் பழைய கார்களுக்கு மதிப்பு ஏறியது. இதே எண்ணத்தோடு வேறு பலரும் இருப்பீர்கள்.

எஞ்சின் வேலை பெரிய தலையிடியாக இருக்கவில்லை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஊரல்லவா? 1990களில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது, சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து அதைத் தண்ணியாக்கும். றிங்கும் பெயரிங்கும் கெதியாகத் தேயும். அதைத் திருத்தித் திருத்திக் கை பழகினவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சிக்கல் வந்தது காபரேட்டரில், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பகுதியில். இந்த எஞ்சினுக்கு வருவது எஸ்.யூ. என்ற இங்கிலாந்துத் தயாரிப்பின் எச்.எஸ்.2 காபரேட்டர். பெற்றோல் நிற்கும் மிதவை அறையின் ஊசி வால்வு, பெற்றோல் வெளிவரும் துளையான ஜெற், ஜெற்றின் குழாயை மிதவை அறையில் பூட்டும் யூனியன் எல்லாம் தேய்ந்து முடிந்திருந்தன. ஸ்ரான்லி வீதியில் ஒரு கடைக்காரர் பழைய ஜெற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது இங்கிலாந்துச் சாமான். நீங்கள் அங்கையிருந்து வந்து இஞ்சை தேடுறியள்!" அவர் சொன்னது நியாயம்தான். எஸ்.யூ. உதிரிப்பாகங்கள் இன்றைக்கும் சோல்ஸ்பரியில் புதிதாகச் செய்யப்படுகின்றன.

பிறகு கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. அங்கே மொறிஸ் மைனர் என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய ஒஸ்ரின் மினிக்கும் இதே காபரேட்டர் வந்தது, அதையும் சொல்லிக் கேளுங்கள். ஊசி வால்வும் ஜெற்றும் அப்படித்தான் கிடைத்தன. யூனியன் கிடைத்தும் பிரயோசனமில்லை. இதற்கு வேண்டியது அங்குலப் புரி; ஒரு கடையில் மில்லிமீற்றர் புரியை "எல்லாம் ஒண்டுதான்" என்று தந்தார்கள். இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். பலவந்தப்படுத்தினால் மிதவை அறையின் புரியே போய்விடும். வாங்காமல் வந்தேன்.

கடைசியில் யாழ்ப்பாணத்து லேத் பட்டறை ஒன்றுதான் காப்பாற்றியது. ஐயா பழைய யூனியனின் புரியை கேஜால் அளந்து, பித்தளைக் கம்பியில் புதிதாகக் கடைந்தார். கையோடு திறொட்டில் தண்டை (அக்சிலேட்டரை மிதிக்கும்போது காபரேட்டரின் கதவைத் திருப்பும் தண்டு) பிடித்து ஆட்டிப் பார்த்து, "இதாலை காத்து இழுக்கும், ஐடிலிங் நிக்காது" என்றார். ஓட்டையைப் பெருப்பித்து பித்தளை புஷ் என்ற வளையத்தை இறக்கி, தண்டு இறுகாமலும் ஆடாமலும் சுழலும்வரை விடவில்லை. லண்டனில் இந்த வேலைக்குக் காபரேட்டரைத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே போகிறவர்கள் ஊசி வால்வு, ஜெற், கஸ்கெற் எல்லாவற்றையும் இங்கிருந்தே கைப்பையில் கொண்டுபோங்கள், பாரமேயில்லை. வாங்க முதல், காபரேட்டரில் தொங்கும் தகட்டு இலக்கத்தையும் நீடிலில் (ஜெற்றுக்குள் ஏறி இறங்கும் ஊசி, ஊசி வால்வு அல்ல) பொறித்த எழுத்தையும் ஊரில் யாரையாவது படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசல் வேலையை ஊருக்கே விடுங்கள்.

இன்னொன்று. கராஜிலிருந்து காரை எடுக்கும்போது காபரேட்டர் உச்சியிலுள்ள மூடியைத் திருகித் திறந்து பாருங்கள். உள்ளே ஒயில் இருக்க வேண்டும். பல கராஜ்களில் அதை விட மறந்துவிடுவார்கள். ஒயில் இல்லாவிட்டால், அக்சிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது வண்டி விக்கும். விட்டுக்கொள்ள எஸ்.ஏ.ஈ. 20 ஒயில் கொஞ்சம் போதும்.