ஐந்து வருடமாக ஒரே வட்ட லென்ஸ்: வெள்ளெழுத்தும் சர்க்கரையும் வைத்துக்கொண்டு ஏர் பிஸ்டல் சுடும் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். சனிக்கிழமைதோறும் மகளை ஏர் பிஸ்டல் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காரில் உட்கார்ந்திருப்பேன். 2019-இல் ஒருநாள் உள்ளே போய் நானும் கையில் எடுத்தேன். அப்போது எனக்கு வயது 48. இந்த ஊரில் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம், அதனால் தொடங்குவதில் ஒரு தடையும் இல்லை. தடையெல்லாம் கண்ணில்தான். தூரப் பார்வைக்கு −1.25 கண்ணாடி, அதன் மேல் வெள்ளெழுத்து, அதன் மேல் பல வருடச் சர்க்கரை. 2021 முதல் நான் போட்டுச் சுடும் ஒற்றை லென்ஸ் ஃபிரேம் இந்த மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறது என்று எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்லிவிடுகிறேன். குறி பார்க்கப் பிஸ்டலின் பின்பக்கம் இருக்கும் பள்ளம் (ரியர் சைட்), முனையில் இருக்கும் மேடு (ஃப்ரண்ட் சைட்), 10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கு அட்டை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் எந்தக் கண்ணாலும் கூர்மையாகப் பார்க்க முடியாது. இளம் கண் சட்டென்று தூரம் மாற்றிக்கொள்ளும். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிவிடும், மாற்றாது. நான் முதல் வருடம் முழுக்க அட்டை நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தைத் தெளிவாகப் பார்க்கத்தான் பாடுபட்டேன். அது தப்பு. இரண்டு சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 35 செ.மீ. தூரம். அங்கே ஃப்ரண்ட் சைட் 1 மி.மீ. விலகினால் அட்டையில் கிட்டத்தட்ட 3 செ.மீ. விலகும். பத்து மதிப்பெண் வட்டமோ வெறும் 11.5 மி.மீ. “கறுப்பைப் பார்க்காதம்மா, சைட்டைப் பாரு” என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சைட் தெரிந்தால்தானே பார்ப்பது!

வீட்டில் போடும் புரோகிரஸிவ் கண்ணாடியில் (மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாகப் பவர் மாறும் கண்ணாடி) சைட் தெரிய வேண்டுமென்றால் தலையை அண்ணாந்து கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். பத்தாவது குண்டிலேயே கழுத்து வலிக்கும். ஒருநாள் ஆத்திரத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுட்டேன். ஃப்ரண்ட் சைட்டின் மேல்விளிம்பு பிளேடு போலத் தெரிந்தது. அதிலிருந்த ஒரு தூசிகூடத் தெரிந்தது. ஆனால் அட்டை கரைந்து சாம்பல் மேகமாகிவிட்டது, எந்த உயரத்தில் சைட்டை நிறுத்துவது என்றே புரியவில்லை. சைட்டும் வேண்டும், கறுப்பின் ஓரமும் ஓரளவு வேண்டும் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

சரி என்று கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே புத்தகம் படிக்கும் தூரத்துக்குப் பவர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். காசு வீண். அப்புறம் வீட்டுக்காரர் இன்ச் டேப்போடு பக்கத்தில் நின்று, நான் கை நீட்டிப் பிடித்திருக்கும்போது கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை அளந்தார். 88 செ.மீ. அந்த அளவை எழுதிக்கொண்டு வேறொரு கடைக்குப் போனோம். அங்கே சோதனை லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பொறுமையாகப் பார்த்தார்கள். தூரப் பவரோடு +0.50 சேர்த்தால் கறுப்பு நன்றாகத் தெரிகிறது, ஆனால் கண் அங்கேயே ஓடிவிடுகிறது. +1.00 சேர்த்தால் மறுபடியும் மேகம். +0.75-இல் சைட் கூர்மை, கறுப்புக்கு மென்மையான ஓரம். ஆக, என் லென்ஸ் −0.50. எனக்குச் சரியாக வந்த எண் இது. உங்கள் கை நீளமும் தூரப் பவரும் வேறு, அதனால் அளந்துவிட்டுப் போங்கள். கூடுதல் பவரைத் தூரப் பவரோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்பதைக் கடையில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஃபிரேமைப் பற்றி: 23 மி.மீ. வட்ட லென்ஸ் ஒன்றே ஒன்று. மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தலாம். பார்வைக் கோடு லென்ஸின் நடுவே, நேராகப் போகும்படி திருகி வைக்க வேண்டும். சரியாக அமைந்த இடத்தில் ஒவ்வொரு மூட்டிலும் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி வைத்திருக்கிறேன். பையில் கிடந்து நகர்ந்தாலும் அரை நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஐந்து வருடத்தில் ஒரு திருகு மட்டும் தளர்ந்தது. குறை என்று சொன்னால் மூக்குப் பட்டையைத்தான் சொல்வேன். ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் வழுக்குகிறது, லென்ஸிலும் ஆவி படிகிறது.

இடது கண்ணை இறுக்கி மூடிச் சுடாதீர்கள். முகம் இழுக்கும், ஒரு கண் இருண்டால் திறந்த கண்ணின் பாப்பாவும் விரியும். இடது கண்ணுக்கு முன்னால் தயிர் டப்பா மூடியில் வெட்டிய வெள்ளைத் துண்டு வைத்திருக்கிறேன், வெளிச்சம் வருகிறது, உருவம் வருவதில்லை. போட்டி விதிப்படி அது 30 மி.மீ.க்கு மேல் அகலம் இருக்கக் கூடாது.

லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஐரிஸை, அதாவது நடுத்துளையைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை, ஆறு மாதம் கழித்து வாங்கினேன். துளையைச் சிறிதாக்கினால் சைட், கறுப்பு இரண்டும் ஒருசேரத் தெளிகின்றன. ஆனால் ரொம்பச் சுருக்கினால் எல்லாம் மங்கி இருண்டுவிடும். 2022, 2023-இல் தினம் தினம் கரண்ட் போன காலத்தில் இதை நன்றாகவே அனுபவித்தேன். பேட்டரி விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் பாப்பா விரிந்து சைட் பூத்துவிடும். ஐரிஸை மூடினால் இருட்டு, திறந்தால் மங்கல். அந்த நாட்களில் அட்டை மாட்டாமல் வெறும் சுவரைப் பார்த்து ட்ரிகர் பழகினேன்.

எந்தக் கண்ணாடியாலும் தீராதது சர்க்கரை. அளவு ஏறினால் கண் லென்ஸின் பவரே மாறிவிடும், சில நாள் கழித்துத் திரும்பும். நல்ல லென்ஸைக் குறை சொல்லி இரண்டு தடவை மாற்றப் போனேன். டாக்டர்தான், “முதலில் சர்க்கரையைச் சில வாரம் ஒரே நிலையில் வையுங்கள், அப்புறம் கண்ணை அளக்கலாம்” என்று தடுத்தார். புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தோடு போய் நின்ற அன்று சர்க்கரை இறங்கி, பார்வையும் மங்கியது, கையும் நடுங்கியது. அன்றிலிருந்து விரத நாளில் சுடுவதில்லை. பையில் பெல்லட் டப்பாவுக்குப் பக்கத்தில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருக்கிறது. ஸ்கோர் நோட்டில் அந்த எண்ணையும் எழுதுகிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகேச் 51 வயதில் சாதாரணக் கண்ணாடியோடு நின்று கலப்பு அணியில் வெள்ளி வாங்கியதைப் பார்த்துவிட்டு, இந்த ஃபிரேமெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். அவர் கண்ணுக்கு அது போதுமாக இருந்தது. அதே பாரிஸில் ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்சே 55 வயதில் தன் பத்தாவது ஒலிம்பிக்கில் சுட்டார். அந்த இருவரையும் பார்த்த பிறகு வயதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

இப்போது வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது. விளக்கைச் சுற்றி ஒளி சிதறுகிறது, ஐரிஸும் முன்போல உதவவில்லை. ஆபரேஷனில் வைக்கும் லென்ஸைத் தூரப் பார்வைக்கே வைக்கச் சொல்லியிருக்கிறேன். கண் ஆறிய பிறகு மறுபடி இன்ச் டேப், மறுபடி சோதனை லென்ஸ்கள். ஃபிரேம் அதேதான், அந்த 23 மி.மீ. வட்டம் மட்டும் மாறும்.