யூஎஸ்பி மைக்கா, தனித்தனிக் கருவிகளா? வீட்டு ஸ்டூடியோவுக்கு வாங்குமுன் ஓர் ஒப்பீடு

ஒலிநூல்களுக்குக் குரல் கொடுப்பதற்காக வீட்டில் ஒரு சிறிய அறையை ஒதுக்கியபோது என் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கணினியில் நேரே செருகிப் பேசத் தொடங்கிவிடக்கூடிய யூஎஸ்பி மைக். மற்றொன்று, எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனைக் கேபிளில் இயங்கும் மைக்கையும், அதன் ஒலியைப் பெருக்கி எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் தனித்தனியாக வாங்குவது. முதல் வழியில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு இரண்டாவதற்கு மாறினேன்; இப்போது ஐந்தாம் ஆண்டாக அதிலேயே பதிவு செய்து வருகிறேன். எனவே என் சாய்வு இரண்டாவது வழியின் பக்கம்தான்; அதற்கான காரணத்தையே இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

ஒலித்தரத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இந்தத் தேர்வில் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. ஆடியோ டெக்னிகாவின் ஏடி2020 போன்ற மைக்குகள் இரண்டு வடிவிலும் விற்கப்படுகின்றன. 16 பிட் பதிவே கோட்பாட்டளவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வீச்சைத் தருகிறது, 24 பிட் 144 டெசிபலைத் தருகிறது என்னும்போது, மின்விசிறியின் இரைச்சலும் வெறுஞ்சுவரின் எதிரொலியும்தான் உண்மையான தடைகள். எடுத்துச் செல்லும் வசதியில் யூஎஸ்பி மைக் முந்துகிறது. வேலையைத் தொடங்கும் வேகத்திலும் அப்படியே. இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை.

நான் நின்று பேச விரும்புவது பராமரிப்பைப் பற்றி. ஒரு நாவலின் பதினோராம் அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, திரையில் ஓடிய அலைவடிவம் திடீரென்று நேர்கோடாகிவிட்டது. யூஎஸ்பி முனையை விரலால் மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால் பதிவு ஓடியது. விரலை எடுத்தால் நின்றது. வேறு கேபிள் மாற்றியும் பயனில்லாததால், மைக்கைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்து பார்த்தேன். நாள்தோறும் செருகிப் பிடுங்கியதில், கேபிள் செருகும் சாக்கெட் தன் அடியிலிருந்த செம்புப் பட்டைகளோடு சர்க்யூட் போர்டிலிருந்து பெயர்ந்திருந்தது. குரலை வாங்கும் கேப்ஸ்யூல் நன்றாக இருந்தது; ஒலியைப் பெருக்கும் பகுதியும் நன்றாகவே இருந்தது. ஆனால் எல்லாமே ஒரே போர்டில் இருந்தன, அந்தப் போர்டு தனியாகக் கிடைக்கவில்லை. நகத்தளவு சாக்கெட்டுக்காக முழு மைக்கையும் ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மைக்கின் கேப்ஸ்யூல் பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடிய பொருள். கணினியோடு பேசும் மின்னணுப் பகுதி அப்படியில்லை. இணைப்பு முறை மாறும், இயங்குதளம் மாறும், கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிரைவர் நிரலை எழுதுவதை நிறுவனம் ஒருநாள் நிறுத்தும். ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறையில் வந்த எத்தனையோ நல்ல இன்டர்ஃபேஸ்கள், உள்ளே எந்தப் பழுதும் இல்லாமலே, புதிய கணினிகளில் செருக இடமின்றி ஓய்ந்துபோயின. நீண்ட ஆயுள் உள்ள பொருளையும் குறுகிய ஆயுள் உள்ள பொருளையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால், குறுகியதன் ஆயுள்தான் இரண்டுக்கும்.

தனித்தனிக் கருவிகளில் இந்தப் பிணைப்பு இல்லை. ஷூர் எஸ்எம்58 மைக் 1966இல் அறிமுகமானது. இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. அதன் உள்ளே இருந்து குரலை வாங்கும் கார்ட்ரிட்ஜ் தனி உதிரிப் பொருளாகவே விற்பனைக்கு வருகிறது. முன்னாலுள்ள வலைக்கூட்டைத் திருகிக் கழற்றித் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டலாம். நசுங்கினால் புதியது மாற்றலாம். எக்ஸ்எல்ஆர் கேபிளில் கரகரப்பு வந்தால், முனையைத் திறந்து பார்த்தால் மூன்றே மூன்று இணைப்புகள்தான் இருக்கும். விட்டுப்போன ஒன்றை வீட்டிலேயே சால்டர் வைத்துவிடலாம். இந்த ஐந்து ஆண்டுகளில் நான் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். என் முதல் இன்டர்ஃபேஸுக்கு, இயங்குதளம் மாறியபின் டிரைவர் வரவில்லை. அதை மட்டும் மாற்றினேன். மைக், கேபிள், தாங்கி எல்லாம் பழையவையே. அதனால் இப்போது இன்டர்ஃபேஸ் வாங்குவோரிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது, தனி டிரைவர் இல்லாமலும் இயங்கும் வகையா என்பதைத்தான். நிறுவனம் கைவிட்டாலும் அடிப்படைப் பதிவுக்காவது அது பயன்படும்.

இருவர் பேசும் பதிவுக்கு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். இரண்டு யூஎஸ்பி மைக்குகளை ஒரே கணினியில் செருகினால், ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தின்படி ஒலியை அளக்கிறது. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே, ஒரு மணி நேர முடிவில் இரு குரல்களும் 72 மில்லி நொடி விலகி நிற்கும். மென்பொருள் இதைச் சரிசெய்யாவிட்டால் எடிட்டிங்கில் நாம்தான் வெட்டி ஒட்ட வேண்டும். இரு மைக்குகளும் ஒரே இன்டர்ஃபேஸில் சேர்ந்தால் கடிகாரம் ஒன்றே என்பதால் இந்தச் சிக்கலே எழாது.

இன்னும் முடிவெடுக்க இயலாதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. ஷூர் எம்வி7, சாம்சன் கியூ2யூ போன்ற மைக்குகளில் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் ஆகிய இரண்டு இணைப்புகளும் இருக்கின்றன. இன்று நேரே கணினியில் செருகிவிட்டு, பின்னாளில் இன்டர்ஃபேஸ் வாங்கிக்கொள்ளலாம். யூஎஸ்பி பகுதி பழுதானாலும் மைக் பிழைத்திருக்கும். இவற்றை நண்பர்களின் அறைகளில் சில நாட்கள் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால், நெடுநாள் உழைப்பைப் பற்றி அனுபவத்தால் பேச எனக்கு உரிமையில்லை.

மைக்கில், அருகிலுள்ள குரலையே அதிகம் வாங்கும் டைனமிக் வகையா, மெல்லிய ஒலிகளையும் வாங்கும் கன்டென்சர் வகையா என்ற கேள்விக்கு அறைதான் விடை. மெத்தை, திரைச்சீலை, புத்தக அலமாரி என்று ஒலியை உறிஞ்சும் பொருட்கள் இல்லாத அறையில், கன்டென்சர் மைக் அடுத்த அறைப் பேச்சையும் சேர்த்தே வாங்கிவிடும். டைனமிக் மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தொலைவில் வைத்துப் பேசினால் அறை பின்வாங்கிவிடுகிறது. 'ப' என்று தொடங்கும் சொற்களின் காற்று மோதாமலிருக்க, மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி வைத்தால் போதும். ஆனால் டைனமிக் மைக்குக்குக் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, அதிகம் தேவை. ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக்கை வாங்குவோர் குறைந்தது 60 டெசிபல் சுத்தமான கெயின் தரும் இன்டர்ஃபேஸா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கன்டென்சர் என்றால், கேபிள் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பேன்டம் பவர் இன்டர்ஃபேஸில் இருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

ஒலிப்பதிவு மென்பொருளுக்கும் நான் பராமரிப்பு என்ற அதே அளவுகோலைத்தான் வைக்கிறேன்: எட்டு ஆண்டுகள் கழித்து ஓர் அத்தியாயத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றக் கேட்டால், பழைய கோப்பு திறக்குமா? விண்டோஸில் லாஜிக் மென்பொருளை நம்பியிருந்தவர்களால், அதை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை 2002இல் ஆப்பிள் வாங்கியபின் அந்தக் கணினியில் அதைத் தொடர முடியாமல் போனது. 2017இல் கிப்சன் நிறுவனம் சோனார் மென்பொருளின் உருவாக்கத்தை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கியிராவிட்டால் அதன் பயனர்கள் நட்டாற்றில் நின்றிருப்பார்கள். 2019இல் மேக் இயங்குதளம் 32 பிட் நிரல்களைக் கைவிட்டபோது பதிவு மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் பழைய பிளக்-இன் நிரல்கள் ஒரே நாளில் வாயடைத்துப் போயின.

சந்தா முறையில் வரும் மென்பொருள்களிடம் நான் தயங்குவதும் இதனால்தான். சந்தாவை நிறுத்தியபின் என் பழைய வேலையைத் திறப்பது இன்னொருவர் கையில் போய்விடுகிறது. நான் தேர்ந்தது ரீப்பர். 60 நாட்கள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்க விடுகிறது. 6ஆம் பதிப்பில் வாங்கிய உரிமம் 7ஆம் பதிப்பு முடியும்வரை செல்லும். அதன் புராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஒருமுறை ஒலிக்கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றிவிட்டு, பாதை தவறிய நாற்பது இடங்களையும் சாதாரண நோட்பேடில் திறந்தே திருத்தினேன். ஒற்றைக் குரல் மட்டும் பதிவோருக்கு இலவசமான ஆடாசிட்டியே போதும்; 2022இல் வந்த 3.2 பதிப்பு முதல், ஒலியைச் செப்பனிடும் எஃபெக்டுகளைக் கேட்டுக்கொண்டே மாற்றவும் முடிகிறது. இசைக்குழுவைப் பல ட்ராக்குகளில் பதிவு செய்த அனுபவம் எனக்கு இல்லை; என் பேச்சு குரல் பதிவோடு நிற்கிறது.

ஹெட்போனிலும் இதையே பார்த்தேன். 1991 முதல் விற்பனையில் இருக்கும் சோனி எம்டிஆர்-7506இன் காது மெத்தைகளைக் கழற்றி மாற்றலாம். ஆனால் கேபிள் உடலோடு பொருத்தப்பட்டது, அறுந்தால் சால்டர்தான். ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸில் கேபிளையும் பிடுங்கி மாற்றலாம் என்பதால் அதை வாங்கினேன். நாற்காலிச் சக்கரத்தில் சிக்கி முதல் கேபிள் போனது. மாற்றுக் கேபிளைச் செருகியதும், நிறுத்திய பக்கத்திலிருந்தே வாசிப்பைத் தொடர முடிந்தது.