ஸ்டாட்ஸ் ஃபர்ஸ்ட் செமஸ்டர்: ஃபார்முலாவா, குலுக்கிப் பாக்குறதா?

யூனில முதல் ஸ்டாட்ஸ் மாட்யூல் எடுக்கப் போற தம்பி தங்கச்சிங்களுக்கு இது. ரெண்டு வழி இருக்கு, ஃபார்முலாவும் டேபிளும் வச்சு படிக்கிறது ஒன்னு, ஆர் (R)ங்கற ஸ்டாட்ஸ் சாஃப்ட்வேர்ல டேட்டாவ குலுக்கிக் குலுக்கி, அதாவது இஷ்டத்துக்குக் கலைச்சுக் கலைச்சுப் பாத்துப் படிக்கிறது இன்னொன்னு.

சிங்கப்பூர் ஜேசில (ஜூனியர் காலேஜ்) எச்2 மேத்ஸ் பண்ணவங்களுக்கு ஃபார்முலா வழி பழகினதுதான், ஹைப்போதிசிஸ் டெஸ்டிங் அங்கேயே வந்துரும், கால்குலேட்டர்ல நம்பர போட்டா பி-வேல்யூ வந்து நிக்கும். ஃபைனல்ஸ்க்கு வேகமா கை ஓடும். ஆனா "ரிஜெக்ட் எச்0"ன்னு (எச்0ன்னா வித்தியாசம் எதுவும் இல்லங்கற மாதிரி ஆரம்ப அனுமானம்) எழுதுன பிள்ளைகிட்ட அப்படின்னா என்னம்மான்னு கேட்டா பாதி பேருக்கு வாய் வராது, பி-வேல்யூ 0.03ன்னா எச்0 உண்மையா இருக்க 3 சதவீதம்தான் வாய்ப்புன்னு சொல்லிடுவாங்க, அது தப்பு.

குலுக்குற வழில அந்தக் குழப்பம் ரொம்ப குறையும். ஸ்டாட்ஸ் நிபுணர் ஃபிஷர் 1935ல எழுதுன டீ கப் பரிசோதனையவே எடுத்துக்கோங்க. 8 கிளாஸ் தே, 4ல பால் முதல்ல, 4ல தேத்தண்ணி முதல்ல. ஒருத்தர் குடிச்சுப் பாத்து பால் முதல்ல ஊத்துன நாலையும் பிரிச்சுக் காட்டணும். 8ல 4 எடுக்க மொத்தம் 70 வழி, சும்மா குருட்டாம்போக்குல நாலும் சரியா வர்றது அதுல 1தான், அதாவது 1.4 சதவீதம். நாலுல குறைஞ்சது மூணு சரியா வர 17 வழி இருக்கு, அது 24 சதவீதத்துக்கு ஏறிடும், அத வச்சு யாரும் நம்ப மாட்டாங்க. பி-வேல்யூன்னா இவ்ளோதாங்க, ஒன்னுமே தெரியாத ஆளுக்கு இந்த ரிசல்ட்டோ இதவிட நல்லதோ எவ்ளோ தடவ வரும்ங்கறதுதான். இதே மாதிரி பஸ்ல வர்றவங்க 10 பேர், எம்ஆர்டில வர்றவங்க 10 பேர் பயண நேரத்த எடுத்து, யாரு பஸ், யாரு எம்ஆர்டிங்கற பேர கலைச்சுப் போட்டு 10,000 தடவ சராசரி வித்தியாசம் எடுத்து, நெஜ வித்தியாசம் அளவுக்கு எத்தன தடவ வருதுன்னு பாக்கலாம், ஆர்ல நாலஞ்சு வரிதான். ஆர் ஃப்ரீ வேற.

ஆனா ஃபார்முலாவ தூக்கிப் போட்ராதீங்க. கினஸ் மதுபான ஆலைல வேல பாத்த காசெட் 1908ல "ஸ்டூடண்ட்"ங்கற பேர்ல எழுதுனதுலேருந்து வந்ததுதான் டி-டெஸ்ட், சின்ன சாம்பிள்ல எவ்ளோ நம்பலாம்னு பேனா பேப்பர்லயே சொல்லிடும். தவறோட அளவு பாதியாகணும்னா சாம்பிள் நாலு மடங்கு வேணும்ங்கறது ஃபார்முலால இருக்க ரூட் n-ஐ (n-ன்னா சாம்பிள் எண்ணிக்கை) பாத்த உடனே தெரியும், குலுக்கிட்டே இருந்தா இது லேசுல கண்ணுல படாது.

ரெண்டுமே கை விடுற இடம் ஒன்னு இருக்கு. என்யூஎஸ் யூனில ஜிஇஏ1000ங்கற டேட்டா மாட்யூல் எடுத்தவங்களுக்கு சிம்ப்சன் பாரடாக்ஸ் தெரிஞ்சிருக்கும், மொத்தமா பாத்தா ஒன்னு காட்டும், பிரிச்சுப் பாத்தா வேற காட்டும். 1973ல அமெரிக்காவுல பெர்க்லி யூனியோட கிராஜுவேட் அட்மிஷன்ல ஆம்பளைங்களுக்கு 44 சதவீதம், பொம்பளைங்களுக்கு 35 சதவீதம் சீட். எந்த டெஸ்ட் போட்டாலும் பெரிய வித்தியாசம்னுதான் வரும், ஆனா டிபார்ட்மெண்ட் வாரியா பிரிச்சா அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாம போயிடும், பொண்ணுங்க சீட் கிடைக்கக் கஷ்டமான டிபார்ட்மெண்டுக்கு அதிகமா அப்ளை பண்ணிருந்தாங்க.

என்னக் கேட்டா முதல் மூணு நாலு வாரம் குலுக்குற வழி, அப்புறம் ஃபார்முலா. கோடிங் பயமா இருந்தா எக்செல்லயே ரேண்டம் நம்பர் போட்டு சார்ட் பண்ணி கலைக்கலாம், மெதுவா இருக்கும், ஆனா ஒவ்வொரு தடவையும் என்ன நடக்குதுன்னு கண்ணுக்கு முன்னாடி தெரியும்.