ஸ்கெலெட்டரின் கோலைக் காட்டி ஏமாற்றுகிறார்கள், காசு கட்டுமுன் வாசியுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பழைய வில்லன் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் இதை அவசியம் வாசியுங்கள். போன மாதம் 34,000 ரூபாயை ஒரு பொய்யனிடம் பறிகொடுத்தேன். அதே ஆள் இப்போது வேறு பெயரில் கடை விரித்திருக்கிறான்.

1986இல் குவைத்தில் வேலை செய்த அத்தை விடுமுறையில் தோட்டத்துக்கு வந்தபோது, அண்ணனுக்கு ஹீ-மேன் பொம்மையும் எனக்கு அந்தக் கதையின் வில்லன் ஸ்கெலெட்டரும் கொண்டுவந்தார். நீல உடம்பு, மண்டையோட்டு முகம், ஊதா முக்காடு. லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஹீ-மேன் பக்கம் நின்றார்கள். எனக்கு இவனைத்தான் பிடித்தது, இன்றைக்கும் அப்படித்தான். இந்தப் பொம்மைகளின் கால்களை இடுப்புக்குள் ஒரு ரப்பர்தான் பிடித்திருக்கும். அது இற்றுப்போய்க் கால் கழன்றது. ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அம்மா உடைந்த சாமான்களோடு அதையும் எறிந்துவிட்டார். அண்ணனின் ஹீ-மேன் வைத்திருந்த சாம்பல் நிறப் பாதி வாள் மட்டும் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்து தப்பியது.

மட்டேல் நிறுவனம் 1982இல் ஸ்கெலெட்டரை விற்பனைக்கு விட்டபோது அவனோடு மூன்று பொருட்கள் வந்தன: ஊதா மார்புக் கவசம், செம்மறிக்கடாவின் மண்டையோடு வைத்த கோல், ஊதா நிறத்தில் ஒரு பாதி வாள் (மற்றப் பாதி ஹீ-மேனிடம்). பிள்ளைகள் முதலில் தொலைப்பது இவற்றைத்தான். அதனால் உடம்பு கிடைக்கும், கோல் கிடைக்காது. ஸ்டார் வார்ஸ் படத்தின் வில்லன் டார்த் வேடரை வைத்துக் கென்னர் நிறுவனம் 1978இல் விட்ட பொம்மையும் இப்படித்தான். மெல்லிய வினைல் மேலங்கியும், கைக்குள்ளிருந்து நீளும் வாளின் ஒடியாத நுனியும் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. ஆகவே கள்ள வேலை நடப்பதும் இந்தச் சின்னப் பொருட்களில்தான்.

அந்தப் பொய்யன் இணையத்தில் ஒரு விற்பனைக் குழுவில் "முழுத் தொகுப்பு, எல்லாம் அசல்" என்று படம் போட்டிருந்தான். நீலப் பூப்போட்ட மேசை விரிப்பின்மேல் ஸ்கெலெட்டர், பக்கத்தில் கோல், பாதி வாள். கொழும்பில் இருப்பதாகச் சொன்னான். தொலைபேசியில் நான் "அண்ணா" என்றேன், அவனும் வாய் நிறைய "தம்பி" என்றான்.

"முதுகைப் பாருங்கள் தம்பி, 1981 என்று பொறித்திருக்கிறது. கடைக்கு வந்தது 1982. இது அதற்கும் முந்தின உருப்படி, அதனால்தான் இந்த விலை."

நம்பிவிட்டேன். 1981 என்பது பதிப்புரிமை ஆண்டு மட்டுமே. பின்னால் வார்த்தவற்றிலும் அதே ஆண்டுதான் இருக்கும். 1978இல் வந்த டார்த் வேடரின் காலிலும் 1977 என்றே பொறித்திருக்கிறது. முதுகில் உள்ள ஆண்டைக் காட்டி யாராவது விலையை ஏற்றினால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.

பொதி கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்றதால் எனக்குப் பயமே இருக்கவில்லை. அதுதான் நான் விட்ட பெரிய பிழை. மல்லியப்பு சந்தியில் மழையில் நனைந்துகொண்டு நின்ற கூரியர் பையன், "பணம் கட்டினால்தான் பிரிக்கலாம் அண்ணா, எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்றான். அவன்மேல் குறையில்லை. மூடிய பெட்டிக்குத்தான் நான் பணம் கொடுத்தேன்.

வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். உடம்பு அசல், கவசமும் அசல். கோலை எடுத்து நகத்தால் மேலிருந்து கீழாக வருடினேன். மெல்லிய வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகத்தில் தட்டுப்பட்டன. முப்பரிமாண அச்சுப்பொறியில் (3D printer) அடுக்கடுக்காக அச்சிட்டு, மேலே ஊதா பெயின்ட் பூசியிருக்கிறார்கள். கடாவின் கொம்பில் சுருள் கூர்மையாக இல்லை, மழுங்கிக் கிடந்தது. பொம்மையின் கையில் செருகி எடுத்ததும் உள்ளங்கையில் ஊதா ஒட்டிக்கொண்டது. அசல் கோல் ஊதா பிளாஸ்டிக்கிலேயே வார்த்தது, உரசினால் நிறம் போகாது.

பிறகு டின்னிலிருந்த சாம்பல் பாதி வாளை எடுத்தேன். அந்த இரண்டு பாதிகளும் சேர்ந்தால் ஒரே வாளாக வேண்டும். அவன் அனுப்பியது பொருந்தவில்லை. நீளமே கூடுதலாக இருந்தது. நாற்பது வருடம் காத்திருந்து அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைத்திருந்தேன். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அழைத்தேன். "படம் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றான். படத்தில் இருந்த கோல் இதுவல்ல என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். அதன்பின் என் எண்ணை முடக்கிவிட்டான்.

மறுதயாரிப்புக் கோல் விற்பதில் தவறில்லை. மறுதயாரிப்பு என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். ஆனால் அசல் உடம்பைக் காட்டி நம்பவைத்துக் கையில் கள்ளக் கோலைத் திணிப்பது திருட்டு. வாங்குமுன் பகல் வெளிச்சத்தில், கோலின் தலையை மிக நெருக்கமாக, அன்றைய பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக் காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயில் டிக்கெட் எடுத்துப் போய்வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நட்டம் வந்திருக்காது.

நேற்று அதே படத்தை மறுபடியும் கண்டேன். விற்பவரின் பெயர் புதிது, விலை 36,000. நீலப் பூப்போட்ட விரிப்பின் வலது மூலையில், கோலின் நுனிக்குப் பக்கத்தில், தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை ஒன்று இருக்கிறது. என்னிடம் உள்ள படத்திலும் அதே இடத்தில் அதே கறை இருக்கிறது. உங்களில் யாருக்காவது அந்தப் படம் வந்திருந்தால், பணம் கட்டுமுன் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், என்னிடம் உள்ள எல்லாப் படங்களையும் அனுப்புகிறேன்.