பசை போட்ட கூழாங்கல்லும் 850 ரூபாய்ச் செடியும்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு யன்னலோரம் ஹவோர்த்தியா என்ற சதைப்பற்றுள்ள சின்னச் செடி ஒன்று இருக்கிறது. முதலில் வாங்கிய செடி செத்ததால் வந்தது. இரண்டுமே ஒரே கடையில் எடுத்தவை. தெருவோரம் பச்சை வலை கட்டிய சின்னச் செடிக்கடை. பெயர் வேண்டாம், ஆள் நல்லவர்.

முதலாவது எச்சவேரியா. ரோசாப்பூப் போல அடுக்கடுக்கான சாம்பல்நீல இலை, மேலே வெள்ளைக் கூழாங்கல், 850 ரூபாய். “ரெண்டு நாளைக்கொருக்கா தண்ணி காட்டுங்க தங்கச்சி, போதும்” என்றார் கடைக்கார அண்ணன். நானும் காட்டினேன். கார்த்திகை மழை பிடித்ததும் அடியிலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கனிந்த தக்காளி போல நசிந்தன. சாடியைக் கவிழ்த்தேன், ஒரு கல்கூட விழவில்லை. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்! கத்தியால் நெம்பினால் உள்ளே முழுக்கத் தும்புத்தூள். பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. அடியில் ஓட்டையும் இல்லை. மெக்சிக்கோ மலைச் செடிக்கு மட்டக்களப்பு மாரியில் இது போதாதா சாக?

கடையில் போய்ச் சொன்னேன். காசு திரும்பவில்லை, ஆனால் ஹவோர்த்தியாவுக்கு 200 ரூபாய் குறைத்தார். கரும்பச்சை இலையில் வெள்ளை வரி. நம் கற்றாழைக்குச் சொந்தக்காரன், ஊர் தென்னாபிரிக்கா. அங்கே புதர் நிழலில் வளர்வது, அதனால் உச்சி வெயில் வேண்டாம். காலை வெளிச்சம் போதும்.

அன்றைக்கே தும்புத்தூளைக் கழுவி, வேரை இரண்டு நாள் நிழலில் உலரவிட்டேன். ஆற்றுமணல் இரண்டு பங்கு, செங்கல் நொறுக்கு ஒரு பங்கு, ஒரு பிடி சிரட்டைக்கரி, ஓட்டை உள்ள மண்சட்டி. கடற்கரை மணல் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தாலும் எடுக்காதீர்கள், உப்பு. ஈர்க்கு ஒன்றை அடிவரை குத்தி இழுப்பேன். மணல் ஒட்டாமல் வந்தால்தான் தண்ணீர். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் பத்து நாளைக்கு ஒருக்கா, மாரியில் மூன்று கிழமைக்கு ஒருக்கா என்று வருகிறது. அம்மாதான் இடைக்கிடை அரிசி கழுவின தண்ணீரோடு வந்து நிற்பா. யன்னலை மறித்துக்கொள்வேன்.

இப்போது பக்கத்தில் இரண்டு குட்டி விட்டிருக்கிறது. செடிகளைப் பொறுத்தவரை கடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேர் எல்லாம் வெள்ளையாக, நல்ல உறுதி. தண்ணீர் விஷயத்தில் மட்டும் அண்ணன் சொல்வதைக் கேட்காதீர்கள். போன கிழமையும் முன்தட்டில் கல் ஒட்டிய சாடிகள்தான் இருந்தன. “ஒட்டாததில தாங்கண்ணன்” என்று கேட்டால் பின்னால் போய்க் கறுப்புப் பிளாஸ்டிக் சாடியில் உள்ளதை எடுத்துத் தருகிறார். அது 150 ரூபாய் குறைவு.