பட்டியல் யார் கையில்? நகரங்கள் வாங்கும் வன்முறைத் தடுப்புச் சேவைகள்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் ஒரு நகரம் வன்முறைத் தடுப்பு அலுவலகம் திறந்து, அதற்கு ஓர் இயக்குநரையும் போட்டுவிட்டால், அடுத்த மாதத்துக்குள் அவர் மேசையில் நாலைந்து திட்டங்கள் வந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பயிற்சிக் குழு, துப்பாக்கிச்சூடு சரிந்து விழுவதைக் காட்டும் ஒரு வரைபடம். எல்லாமே நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டவைதான். ஆனால் அதே பெயரில் ஓரிடத்தில் பலித்த சேவை இன்னோரிடத்தில் படுத்துவிடுகிறது. ஏன் என்று பார்த்தால், பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. யாருக்காக இந்த வேலை என்ற பட்டியலும், அந்தப் பட்டியலை வாராவாரம் கையில் எடுக்கும் ஒரு கூட்டமும் இருக்கிறதா என்பதில்தான் பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் அந்தப் பட்டியல். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் நடந்த கொலைகளையும், சுடப்பட்டும் பிழைத்தவர்களின் வழக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். கொலையை மட்டும் எண்ணினால் போதாது. குண்டு எலும்பில் பட்டதா, ரத்தக்குழாயில் பட்டதா என்பது தற்செயல். சுட்டவர் யார், பட்டவர் யார், இருவருக்கும் முன்பகை உண்டா, எந்தக் கோஷ்டி, முந்தைய வழக்குகள் என்ன என்பதைத் துப்பறியும் போலீசார், நன்னடத்தை அதிகாரிகள், தெருவை அறிந்த களப்பணியாளர்கள் ஆகியோரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். சில மாத வேலை இது. முடிவு பெரும்பாலும் ஒரே மாதிரி வருகிறது: ஆபத்தில் இருப்பவர்கள் நகர மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதி, பெரும்பாலும் 18 முதல் 35 வயது ஆண்கள், பலமுறை கைதானவர்கள், அவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை சுடப்பட்டவர்கள். சண்டைக்குக் காரணம் போதைச் சந்தை என்று மேடையில் பேசுவார்கள். வழக்குகளைப் பிரித்தால் அவமானம், பழைய கொலைக்குப் பழி, இன்ஸ்டாகிராமில் போட்ட ஒரு கிண்டல் என்றுதான் நிறைய வரும். இந்த வேலையைச் செய்யாமல் திட்டம் வாங்கும் நகரம், கடைசியில் பணத்தைப் பள்ளி மாணவர்களின் கூடைப்பந்துப் போட்டிக்குக் கொடுத்துவிட்டு, ஏன் துப்பாக்கிச்சூடு குறையவில்லை என்று திகைக்கும். போட்டி நல்லதுதான். ஆனால் சுடப்போகிற 27 வயதுக்காரன் அங்கே வருவதில்லை.

இனி சேவைகள். அதிகம் விற்பது க்யூர் வயலன்ஸ். தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின் உருவாக்கியது. 2000-ல் சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்கில் சீஸ்ஃபயர் என்ற பெயரில் தெருவுக்கு வந்தது. வன்முறை தொற்றுநோய்போலப் பரவுகிறது, பரவும் கண்ணியை அறுக்க வேண்டும் என்பது கோட்பாடு. அதற்கு ஆள், முன்பு அதே தெருவில் அதே வாழ்க்கை வாழ்ந்து வெளியே வந்தவர். அவர் சொன்னால் கேட்பார்கள். சண்டை மூளும்போதே இடையில் புகுந்து பேசி நிறுத்துபவர் ஒருவர், சிலரைத் தொடர்ந்து பார்த்துக்கொள்பவர் இன்னொருவர் என்று வேலை பிரிகிறது. போலீசுக்குத் தகவல் போகாது என்பது அடிப்படை நிபந்தனை.

பலன்? நியூயார்க்கில் ஜான் ஜே கல்லூரி 2017-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், கிழக்கு நியூயார்க் பகுதியில் துப்பாக்கிக் காயங்கள் 50 சதவீதமும் தெற்கு பிராங்க்ஸில் 37 சதவீதமும் குறைந்தன. இரண்டிடத்திலும் ஒப்பீட்டுப் பகுதிகளைவிட இது அதிகம். ஆனால் பிட்ஸ்பர்க்கில் இதே வகையைச் சேர்ந்த ஒன் விஷன் ஒன் லைஃப் திட்டத்தை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தபோது, கொலையில் குறைவு எதுவும் தெரியவில்லை. கடும் தாக்குதல்கள் கூடியிருந்தன. பால்டிமோரில் 2007-ல் தொடங்கிய சேஃப் ஸ்ட்ரீட்ஸ் திட்டத்திலும் எல்லா இடத்திலும் ஒரே பலன் இல்லை. ஒரு கிளை நன்றாக நடக்கும், இன்னொன்று தள்ளாடும்.

இந்தச் சேவை கெட்டுப்போகும் வழிகள் நான்கு. ஆள் எடுப்பதில் தவறினால் முதல் வாரமே தெரிந்துவிடும்: பத்து வருடத்துக்கு முன் பெயர் இருந்தவருக்கு இன்றைய பையன்களிடம் பெயர் இருக்காது. ஒரே கோஷ்டியிலிருந்து மட்டும் எடுத்தால் எதிர்த் தெருவுக்குள் கால் வைக்க முடியாது. மூன்றாவது, கணக்கு. 'இந்த மாதம் 80 சமரசம்' என்று அறிக்கை வரும். பிரித்துப் பார்த்தால் அதில் 60 மூலைக்கடை வாசலில் நடந்த வாய்ச்சண்டை. அதில் யாரிடமாவது துப்பாக்கி இருந்ததா, முன்பு சூடு நடந்த பகையா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். நான்காவதுதான் மோசம்: பணம் நின்றுபோவது. 2015-ல் இல்லினாய் மாநில பட்ஜெட் முடங்கியபோது சிகாகோவில் இந்தத் திட்டம் பெரும்பாலும் மூடப்பட்டது. தெருவில் ஒருவரின் வாக்குறுதி உடைந்தால், அடுத்து வருகிறவரும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, குறிவைத்த எச்சரிக்கை முறை. 1996-ல் பாஸ்டனில் ஆபரேஷன் சீஸ்ஃபயர் என்று தொடங்கியது. சிகாகோ சீஸ்ஃபயரோடு இதைக் குழப்பிக்கொள்ளாத நகரமன்ற உறுப்பினரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டும் வேறு வேறு. இதில் போலீஸ், அரசு வழக்கறிஞர், களப்பணியாளர், பிள்ளையை இழந்த தாய், மதகுருமார் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, பட்டியலில் உள்ள ஆண்களை அழைத்து முகத்துக்கு நேராகப் பேசுகிறார்கள்: நீ உயிரோடு இருக்க வேண்டும், வேலை, வீடு, சிகிச்சைக்கு உதவி இதோ, உன் கோஷ்டி இனிச் சுட்டால் சட்டம் அந்தக் கோஷ்டி முழுவதன் மேலும் பாயும். பாஸ்டனில் மாதாந்தர இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததை மதிப்பீட்டாளர்கள் இதனோடு சேர்த்துச் சொன்னார்கள். 2000-ல் கைவிட்டார்கள், கொலைகள் ஏறின, 2007-ல் மறுபடி எடுத்தார்கள். ஓக்லண்ட் 2012-ல் இதைப் புதுப்பித்தது. பின்னால் வந்த ஆய்வு துப்பாக்கிக் கொலைகளில் 31.5 சதவீதக் குறைவைக் காட்டியது. சில ஆண்டுகளில் அங்கேயும் கவனம் சிதறியது. அசல் முறையிலிருந்து நகரம் விலகிவிட்டது என்று தணிக்கை சொன்னது. பலன் காட்டிய சேவைகளில் இது வலுவானது, ஆனால் பராமரிப்புச் செலவு அதிகம். போலீஸ் தலைமை மாறும்போதெல்லாம் புதிதாக விளக்க வேண்டும். உதவி என்ற பாதி பலவீனமாக இருந்தால் மிச்சம் வெறும் மிரட்டல். இரண்டாம் அழைப்புக்கு யாரும் வரமாட்டார்கள்.

கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரம் 2007-ல் தன் வன்முறைத் தடுப்பு அலுவலகத்தைத் திறந்து, 2010-ல் சுடவோ சுடப்படவோ வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கான பீஸ்மேக்கர் ஃபெலோஷிப்பைத் தொடங்கியது. 18 மாதம்; தினசரித் தொடர்பு; ஒவ்வொருவருக்கும் வாழ்க்கைத் திட்டம்; எதிர்க் கோஷ்டிக்காரனோடு சேர்ந்து வெளியூர்ப் பயணம்; இலக்குகளை எட்டினால் மாதம் 1,000 டாலர் வரை, அதிகபட்சம் ஒன்பது மாதம். பத்திரிகைகள் பிடித்துக்கொள்வது கடைசி வரியை மட்டும்: கொலை செய்யாதிருக்கக் கூலியா? அரசியல்ரீதியாக இதை விற்பது கடினம். 2019-ல் வந்த ஆய்வில் துப்பாக்கியால் ஏற்பட்ட சாவும் மருத்துவமனை வருகையும் ஆண்டுக்கு 55 சதவீதம் குறைந்தன. அதே ஆய்வில் துப்பாக்கியில்லா வன்முறையில் அவை 16 சதவீதம் கூடின. விற்பவர்கள் முதல் எண்ணை மட்டும் காட்டுவார்கள். இரண்டையும் நகரமன்றத்தில் சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட.

சிகாகோவின் ரெடி திட்டம் 2017-ல் வந்தது: 18 மாதம் வரை சம்பளத்தோடு வேலை, கூடவே கோபத்துக்கும் செயலுக்கும் இடையே ஒரு மூச்சு விடப் பழக்கும் நடத்தைச் சிகிச்சை. திட்டத்தில் யார் சேர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, 2,456 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். இந்தத் துறையில் அது அபூர்வம். கடும் வன்முறை மொத்தமாகக் குறைந்தது என்று புள்ளியியல்படி சொல்ல முடியவில்லை. சூடு, கொலை வழக்குகளில் கைதாவது மட்டும் 65 சதவீதம் குறைந்தது. சுவாரசியம் அதற்குள்ளே இருக்கிறது. ஆள் மூன்று வழியில் வந்தார்கள்: கணினிக் கணிப்பு, சிறையிலிருந்து, களப்பணியாளர் பரிந்துரை. களப்பணியாளர் கைகாட்டியவர்களிடம் பலன் மிகப் பெரிதாக இருந்தது. பட்டியல் யார் கையில் என்ற கேள்விக்குக் கிடைத்த நல்ல பதில் இது. விலைதான் அதிகம், சிறு நகரத்துக்குத் தாங்காது.

மருத்துவமனைச் சேவையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: வாங்குங்கள். ஓக்லண்டில் 1994 முதல் நடக்கிறது. சுடப்பட்டவர் படுக்கையில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் அவருக்கும் பயம், வெளியில் நண்பர்களுக்குப் பழிவாங்கும் வெறி. பணியாளர் அப்போதே போய் உட்கார வேண்டும். வெளி அமைப்பின் ஆளாக இருந்தால் நோயாளி ரகசியச் சட்டம் வாசலிலேயே தடுக்கும். மருத்துவமனை அடையாள அட்டை, நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், இரவு ஷிப்டில் யாரை அழைப்பது என்ற எண் ஆகிய மூன்றையும் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். இதோடு ஒட்டிய மலிவான பொருள் பிரிட்டனின் கார்டிஃப் முறை. அவசரப் பிரிவுக்கு வருகிறவரிடம் எங்கே, எப்போது, எந்த ஆயுதம் என்று கேட்டு, பெயரை நீக்கி நகரத்துக்குக் கொடுப்பது. போலீசுக்கே போகாத தாக்குதல்கள் இதில் தெரியும். 2011-ல் வெளியான ஆய்வு, ஒப்பீட்டு நகரங்களோடு வைத்துப் பார்க்கும்போது வன்முறைக் காயங்களுக்கான மருத்துவமனை அனுமதிகளில் 42 சதவீதக் குறைவு என்றது.

எதை வாங்கினாலும் வாராந்திரக் கூட்டம் இல்லாவிட்டால் வீண். ஒரு மணி நேரம், ஒரே நாள், ஒரே நேரம். கடந்த ஏழு நாளில் நடந்த ஒவ்வொரு சூட்டுக்கும் நாலு கேள்வி: பட்டவர் யாருடைய ஆள், பழிவாங்கப் போகிறவர் யார், அவரிடம் பேசக்கூடியவர் யார், எப்போதைக்குள் பேசுவார். '48 மணி நேரத்துக்குள்' என்று எழுத வேண்டும். 'தொடர்ந்து கவனிக்கப்படும்' என்று எழுதினால் யாரும் போகமாட்டார்கள். அடுத்த வாரக் கூட்டம் போன வாரத்து வேலைகளில்தான் தொடங்க வேண்டும். போலீஸ் சொல்வதைச் சொல்லிவிட்டு வெளியேறிய பிறகே களப்பணியாளர் பகுதி. தகவல் ஒருவழிப் பாதை: போலீசிலிருந்து வரும், திரும்பிப் போகாது. இது ஒருமுறை மீறப்பட்டது என்று தெருவில் பேச்சு வந்தாலே போதும், உண்மையோ பொய்யோ, பணியாளரின் உயிருக்கே ஆபத்து. பால்டிமோரில் 2021 ஜனவரிக்கும் 2022 ஜனவரிக்கும் இடையில் மூன்று பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒப்பந்தம் எழுதும்போது நினைத்துக்கொள்ள வேண்டும்: ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, மனநல ஆலோசனை, ஒரு சாவுக்குப் பிறகு கட்டாய விடுப்பு. இவை சலுகை வரிசையில் போகாமல் அடிப்படைச் செலவிலேயே ஏற வேண்டும். ஒரு பணியாளர் தலையில் 15 பேருக்கு மேல் கட்டினால் தினசரித் தொடர்பு என்பது தினசரி குறுஞ்செய்தியாகிவிடும்.

அளவிடும்போது மாதத்தை மாதத்தோடு ஒப்பிடக் கூடாது. ஆண்டுக்கு எட்டு சூடு நடக்கும் பகுதியில் ஒரு மாதம் பூஜ்யம் வந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை. ஓடும் 12 மாதக் கணக்கு, அதே போன்ற இன்னொரு பகுதியோடு ஒப்பீடு. இன்னொரு பொறி: மோசமான ஆண்டு முடிந்ததும்தான் திட்டம் தொடங்கும், உச்சத்திலிருந்து எதுவும் தானாகவே கொஞ்சம் இறங்கும். 2020-ல் நாடு முழுவதும் கொலை ஏறத்தாழ 30 சதவீதம் ஏறியது, 2022 முதல் நாடு முழுவதும் இறங்கியது. இறங்கியதற்குப் பெருமை கேட்கும் திட்டம், ஏறியதற்கு என்ன சொன்னது என்று பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பணம், அதாவது பணம் வரும் விதம். செலவழித்துவிட்டு ரசீது கொடு, பிறகு தருகிறோம் என்பதுதான் அரசு வழக்கம். பெரிய நிறுவனம் மூன்று மாதம் தாங்கும். பத்துப் பேர் கொண்ட தெரு அமைப்பு இரண்டாவது சம்பள நாளிலேயே கடன் வாங்கும், நல்ல ஆளை இழக்கும். ஆண்டுத் தொகையில் கால் பங்கு முன்பணம், பில் வந்த 30 நாளில் பட்டுவாடா, கணக்கு எழுத ஒரு பகிர்வுக் கணக்காளர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். மத்திய அரசு மானியத்தை மட்டும் நம்பியவர்களுக்கு 2025 ஏப்ரல் பாடம் ஆயிற்று: மத்திய நீதி அமைச்சகம் ஏற்கெனவே ஒதுக்கிய நூற்றுக்கணக்கான மானியங்களை நடுவில் ரத்து செய்தது, சமூக வன்முறைத் தடுப்பு அமைப்புகள் பலவும் அதில் அடிபட்டன. களப்பணியாளர் சம்பளம் நகரத்தின் சொந்த பட்ஜெட்டில், நகரமன்றத் தீர்மானத்தின் கீழ் இருக்கட்டும். மானியப் பணத்தைப் பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் ஒதுக்கினால், அது நின்ற மாதத்திலும் வாராந்திரக் கூட்டம் நடக்கும்.