அடிஸ் அபாபாவில் ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கை

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் விமானம் மாறுவதற்காக ஓரிரு நாள் தங்க நேரும் நம்மவர்கள் இப்போது அதிகம் என்பதால், அங்கே எங்கள் குடும்பத்திற்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வண்டி, வழிகாட்டி, நுழைவுக் கட்டணம், மதிய உணவு எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று பேசி, அதை முழுவதும் டாலராக முன்னதாகவே வாங்கிக்கொண்ட ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர், பட்டியலில் இருந்த முக்கியமான இடங்களில் பாதியைக் காட்டவில்லை. காட்டிய இடத்திலும் வேறு பெயரில் மறுபடி பணம் பறிக்கப்பட்டது.

முதலில் தேசிய அருங்காட்சியகம். 1974-இல் ஹடார் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுகள் பழைமையான, லூசி என்று பெயரிடப்பட்ட ஆதி மனித மூதாதையின் எலும்புக்கூட்டைப் பார்ப்பதற்காகத்தான் பெரும்பாலோர் அங்குச் செல்கிறார்கள். கீழ்த்தளத்தில் அதன் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஒன்று கிடத்தி வைக்கப்பட்டிருக்கும், மற்றொன்று நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். இரண்டுமே அச்சுப் பிரதிகள். உண்மையான எலும்புகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படாமல் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. எங்கள் வழிகாட்டி இந்த உண்மையிலிருந்தே தன் வேலையைத் தொடங்கினார். நிற்பது பிரதி என்று அவராகவே ஒப்புக்கொண்டு நம் நம்பிக்கையைப் பெற்றபின், அசலைப் பார்க்கச் சிறப்பு அனுமதி வேண்டும், அதற்கு ஆளுக்கு இருபது டாலர் ஆகும், இன்று பணியில் இருக்கும் அதிகாரி தனக்குத் தெரிந்தவர் என்றார். பணத்தை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனவர், சிறிது நேரம் கழித்து வந்து, மிகவும் தாழ்ந்த குரலில் பேசியபடி, அதே கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் கிடத்தி வைக்கப்பட்டிருந்த மற்றொரு பிரதியின் முன் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். என் மனைவிக்கு ஐயம் எழுந்து அங்கிருந்த காவலரிடம் கேட்டபோது, அவர் இரண்டையும் சுட்டிக்காட்டிப் பிரதி, பிரதி என்று இருமுறை சொல்லிவிட்டு, வழிகாட்டியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். கொடுத்த பணத்திற்கு ரசீது கேட்டோம். அனுமதிக்கு ரசீது தரும் வழக்கம் இல்லை என்பதே பதில்.

அடுத்தது மணிக் கணக்கை வைத்துச் செய்த ஏமாற்று. இதை மட்டும் கொஞ்சம் ரசிக்கவே தோன்றியது, அவ்வளவு நேர்த்தி. எத்தியோப்பியர்கள், நம் பழைய நாழிகைக் கணக்கைப் போலவே, பகலைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. நம் மாலை 5 மணி அவர்களுக்கு 11 மணி. அடிஸ் அபாபா பல்கலைக்கழக வளாகத்தில், ஹைலே செலாசி மன்னரின் பழைய அரண்மனையில் இயங்கும் இனவியல் அருங்காட்சியகத்திற்குப் போகும் வழியில், அது 11 மணிக்கு மூடிவிடும், இப்போதே பத்தேமுக்கால், போனாலும் பயனில்லை என்று சொல்லி வண்டியை நேராக ஒரு நினைவுப் பொருள் கடைக்கு விட்டார். அவர் சொன்ன 11 மணி மாலை ஐந்து மணி என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அந்தக் கடையில் வெள்ளிச் சிலுவை, தோல் ஓவியம், காப்பிக் கொட்டை என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழிந்தது. 2024 ஜூலையில் எத்தியோப்பியப் பணமான பிர் நாணயத்தின் மாற்று மதிப்பு சந்தைக்கு விடப்பட்டபின் விலைகள் வெகுவாக மாறிவிட்டதால், பழைய பயணக் குறிப்புகளில் உள்ள தொகைகளைக் காட்டி அங்கே வாதாட முடியாது. கடைக்காரருக்கும் அது நன்றாகத் தெரியும்.

திரித்துவப் பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடப்பதாகக் கூறி வாசலிலேயே வண்டியைத் திருப்பினார். பட்டியலில் இல்லாத ஓரிடத்திற்கு மட்டும் மிக ஆர்வமாக அழைத்துச் சென்றார். பியாசா பகுதியில் ஒரு சந்துக்குள் இருந்த சாதாரண வீடு அது. மாணவர்கள் நடத்தும் பண்பாட்டு நிகழ்ச்சி, கட்டணம் கிடையாது என்றார். தரையில் புல் பரப்பி, சாம்பிராணி புகைத்து, ஜெபனா என்னும் மண்கூசாவிலிருந்து காப்பியை ஊற்றிக் கொடுத்தார்கள், சோளப்பொரி வந்தது, தேஜ் என்னும் தேன்மது நாங்கள் கேட்காமலேயே வந்தது, இரு பெண்கள் தோள்களைக் குலுக்கி ஆடினார்கள். எழுந்தபோது நீட்டப்பட்ட தாளில், ஆடியவர்கள் குடித்ததும் எங்கள் கணக்கிலேயே சேர்க்கப்பட்டு, நல்ல விடுதியொன்றில் ஒரு நாள் வாடகைக்கு ஈடான தொகை இருந்தது. கதவருகே மூன்று இளைஞர்கள் வந்து நின்றார்கள். வயதான என் தந்தை உடன் இருந்ததால் பேரம் பேசிப் பாதியைக் கொடுத்துவிட்டு வெளியேறினோம். இந்தக் காப்பி உபசாரம் எத்தியோப்பிய வீடுகளில் உண்மையாகவே நடக்கும் அழகான வழக்கம். மூன்று சுற்று பருகும்வரை விருந்தினரை எழவிட மாட்டார்கள். அதைப் பார்க்க விரும்பினால் விலைப்பட்டியல் உள்ள உணவகங்களிலேயே பார்க்கலாம், தெருவில் அறிமுகமாகிறவர் பின்னால் போக வேண்டாம்.

மறுநாள் விமானத்திற்கு முன் கிடைத்த நேரத்தில், செயலி வழியாக வாடகைக் கார் பிடித்து, விடுபட்ட இடங்களுக்கு நாங்களே சென்றோம். பேராலயம் திறந்திருந்தது. 1975-இல் கொல்லப்பட்டு, 1992-இல் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டு, 2000-இல் முறைப்படி அடக்கம் செய்யப்பட்ட ஹைலே செலாசியின் கருங்கல் கல்லறையும் அருகே அரசியின் கல்லறையும் உள்ளே இருக்கின்றன. இனவியல் அருங்காட்சியகத்தில் மன்னரின் படுக்கையறையையும் குளியலறையையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். வெளியே, நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் முசோலினி ஆட்சியின் ஆண்டுக்கு ஒரு படியாக இத்தாலியர் கட்டிய, எங்கும் போய்ச் சேராத படிக்கட்டின் உச்சியில் எத்தியோப்பியர் பின்னர் ஏற்றி வைத்த சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இடங்களிலும் கவுன்டரில் சீட்டு வாங்கினோம். சீட்டில் தொகை அச்சிடப்பட்டிருந்தது. அனைவருக்குமான மொத்தக் கட்டணமும் லூசியின் பெயரால் ஒருவரிடம் வாங்கிய தொகையைத் தாண்டவில்லை.

ஏற்பாட்டாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியபோது, வழிகாட்டி தங்கள் ஊழியர் அல்லர், அன்றைய தினத்திற்கு மட்டும் அமர்த்தப்பட்டவர் என்று பதில் வந்தது. பார்க்காத இடங்களுக்கான தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டதற்கு, நாங்களாகவே கடையில் நேரம் செலவிட்டதாக எழுதினார்கள். அவர்கள் தந்திருந்த ரசீதை எடுத்துப் பார்த்தால், அதில் நிறுவனத்தின் முத்திரையோ வரிப் பதிவு எண்ணோ இல்லை. எத்தியோப்பிய நாள்காட்டிப்படி ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கிய தேதி மட்டும் கையால் எழுதப்பட்டிருந்தது. நாங்கள் தங்கிய விடுதியின் மேலாளர் அந்த ஏற்பாட்டாளரை இனி வரவேற்பறையில் அனுமதிப்பதில்லை என்று உறுதியளித்திருக்கிறார். பணம் வரவில்லை.